மூன்று தள்ளி நின்ற மாதிரிகள்: ஒரு ஆர்என்ஏ தரவைப் பழுதுபார்த்த ஒன்பது நாள்

"இரண்டாவது தொகுப்பில் ஒன்றுமே வரவில்லை. ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா?"

என் வேலைநாட்களில் பாதி இப்படி ஒரு வரியில்தான் தொடங்கும். உயிர்தகவலியல் என்றால் நாள் முழுக்கப் புதுப்புது அல்காரிதம் எழுதிக்கொண்டிருப்போம் என்று படிக்கிற காலத்தில் நினைத்திருந்தேன். அது எப்போதாவதுதான் நடக்கும். மற்ற நாளெல்லாம் யாரோ எப்போதோ ஓட்டிய ஒன்றைத் திறந்து, அது ஏன் இப்படி வந்தது என்று தேடுவதுதான் பிழைப்பு. இந்த வேலை எனக்குப் பிடித்திருப்பதும் அதனால்தான். இந்த முறை தேடல் ஒன்பது நாள் எடுத்தது. நாட்குறிப்பில் எழுதி வைத்ததை வைத்து இங்கே பதிகிறேன். இதே போன்ற தரவோடு யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால் உதவும்.

சோதனை எளிமையானது. 12 கொடையாளர்கள், 6 பெண்கள், 6 ஆண்கள். ஒவ்வொருவரின் ரத்தத்திலிருந்தும் பிரித்த செல்களை இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பங்குக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, மறு பங்குக்கு மருந்தில்லாத கரைப்பான் மட்டும். ஆக 24 மாதிரிகள். ஒவ்வொன்றிலும் உள்ள ஆர்என்ஏவை வரிசைப்படுத்தும் கருவியில் படித்து, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் திட்டம். ஒற்றைப்படை எண் கொண்டவை கரைப்பான், இரட்டைப்படை மருந்து. 1-இலிருந்து 12 வரை பெண்கள், 13-இலிருந்து 24 வரை ஆண்கள். முந்தைய ஆண்டு வேறு 12 பேரிடம் செய்த முதல் தொகுப்பில் மாற்றம் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதை உறுதிசெய்யத்தான் இந்த இரண்டாம் தொகுப்பு. இதில் மருந்தால் மாறியதாகத் தேறிய மரபணுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்படியே விட்டால், முதலில் கண்டது மறுமுறை கிடைக்கவில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள்.

முதல் நாள்

பழைய கோப்புறையில் கை வைக்கவில்லை. எல்லாவற்றையும் நகலெடுத்து, மூலத்தை எழுத முடியாதபடி பூட்டினேன். நகலெடுத்ததும், கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எம்டி5 கூட்டெண்களை ஒப்பிட்டேன். ஒரு கோப்பு ஒத்துப்போகவில்லை. எனக்கு ஒதுக்கிய டிஸ்க் இடம் நிரம்பி, நகல் பாதியில் நின்றிருந்தது. இடம் கேட்டு வாங்கி மறுபடி எடுத்தேன். பத்து நிமிட வேலைதான். ஆனால் பார்க்காமல் ஓட்டியிருந்தால் பழைய பழுதோடு என் பழுதும் சேர்ந்திருக்கும்.

மறுபடி ஓட்டுவதற்கு முன்னால் பழைய எண்ணிக்கை அட்டவணையைத் திறந்தேன். மனிதத் தரவு எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது மாதிரிகளின் பால், அதாவது ஆணா பெண்ணா என்பது. எக்ஸிஸ்ட் என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. இரண்டு எக்ஸ் உள்ள செல்களில் ஒன்றை அடக்கி வைப்பது இதன் ஆர்என்ஏதான். அதனால் பெண்களின் மாதிரியில் இது தாராளமாக இருக்கும், ஆண்களில் கிட்டத்தட்ட இருக்காது. எதிர்ப்பக்கம் ஒய் குரோமோசோமில் ஆர்பிஎஸ்4ஒய்1, டிடிஎக்ஸ்3ஒய் போன்றவை. இந்த மூன்று வரிகளையும் அட்டவணையிலிருந்து உருவிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

உருவிப் பார்த்தேன். 24 மாதிரியிலும் எக்ஸிஸ்ட் ஏறக்குறைய பூஜ்யம். சரி, எல்லாம் ஆண்களா என்றால் ஒய் மரபணுக்களும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். ஆண் என்றும் சொல்ல முடியவில்லை, பெண் என்றும் சொல்ல முடியவில்லை. 24 மாதிரியும் இப்படி நிற்க உயிரியலில் இடமில்லை. அட்டவணைதான் எங்கேயோ தவறியிருக்கிறது.

காட்டிக்கொடுத்தது பக்கத்து மரபணு. எக்ஸிஸ்ட் இருக்கும் இடத்தின் ஒரு பகுதியில், டிஎன்ஏவின் எதிர் இழையில் டிசிக்ஸ் என்ற மரபணு உட்கார்ந்திருக்கிறது. பெயரே எக்ஸிஸ்டை ஆங்கிலத்தில் திருப்பி எழுதியதுதான். அந்த டிசிக்ஸ் 12 மாதிரிகளில் ஓங்கி நின்றது. எக்ஸிஸ்டுக்குச் சேர வேண்டிய ரீடுகள், அதாவது கருவி படித்துத் தந்த துண்டுகள், எதிர் இழையின் கணக்கில் விழுந்திருந்தன.

ரீடுகளை மரபணுவாரியாக எண்ணும் மென்பொருள் ஃபீச்சர்கவுண்ட்ஸ். அதன் பழைய சுருக்கக் கோப்பைத் தேடி எடுத்தேன். மரபணுக்களில் சேர்ந்த ரீடுகள் நூற்றுக்கு ஐந்து கூட இல்லை. அந்தக் கோப்பு மூன்று மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். ஆர்என்ஏவை வரிசைப்படுத்தத் தயார்செய்யும் கிட்களில், அது எந்த இழையிலிருந்து வந்தது என்ற செய்தியைக் காத்து வைப்பவையும் உண்டு, காக்காதவையும் உண்டு. எண்ணும்போது ஃபீச்சர்கவுண்ட்ஸிடம் அதைச் சொல்ல வேண்டும்: 0 என்றால் இழை பார்க்க வேண்டாம், 1 என்றால் நேர் இழை, 2 என்றால் எதிர் இழை. முதல் தொகுப்புக்கு இழை காக்காத கிட், எனவே 0. இரண்டாவதற்குக் கிட் மாறியது. இது இழை காப்பது என்று தெரிந்து யாரோ அக்கறையோடு 1 என்று மாற்றியிருக்கிறார்கள். ஆனால் இது டியுடிபி முறைக் கிட். இரண்டாம் இழையை உருவாக்கும்போது டி-க்குப் பதிலாக யு சேர்த்து, பிறகு அந்த இழையைச் சிதைத்துவிடுவார்கள். மிஞ்சுவதைப் படித்தால் முதல் ரீடு மூல ஆர்என்ஏவுக்கு எதிர்த்திசையில் வரும். போட வேண்டியது 2. ஊகத்தை நம்பாமல் தரம் பார்க்கும் ஆர்எஸ்இக்யூசி மென்பொருளின் இழை கணிக்கும் ஸ்க்ரிப்டை ஒரு மாதிரியில் ஓட்ட நினைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, இடம் போதவில்லை என்று, ரீடுகள் எங்கெங்கே பொருந்தின என்று வைத்திருக்கும் பிஏஎம் கோப்புகள் எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள். ஆக, மறுபடி முதலிலிருந்து.

இரண்டாம் நாள்

காத்திருந்த நாள். ரீடுகளை அவற்றின் இடத்தில் பொருத்தும் ஸ்டார் மென்பொருளுக்கு மனித மரபணுத்தொகுதியை ஏற்ற மட்டும் ஏறக்குறைய 30 ஜிபி நினைவகம் வேண்டும். கையில் இருந்த ஸ்க்ரிப்ட் 16 கேட்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. பொதுக் கணினியில் வேலைகளை முறைப்படுத்தும் ஸ்லர்ம் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, ஓடத் தொடங்கியதும் 137 என்ற எண்ணோடு செத்தது. 128-உம் 9-உம் சேர்ந்தது 137. ஒன்பதாம் சிக்னல், அதாவது இயங்குதளம் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிட்டது. இந்த எண்ணை வேலையில் சேர்ந்த முதல் மாதமே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. 40 கேட்டு மறுபடி வரிசையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஒரு குறிப்பு. ஸ்டாரிடமே மரபணு எண்ணிக்கையும் கேட்டு வாங்கலாம். அது தரும் கோப்பில் இரண்டாம் நிரல் இழை பாராத கணக்கு, மூன்றாவது ஒரு இழை, நான்காவது மற்ற இழை. மூன்றையும் நான்கையும் தனித்தனியே கூட்டி ஒப்பிட்டாலே எந்தத் திசை என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். அன்றிலிருந்து எல்லாத் திட்டத்திலும் இதை வாங்கி வைக்கிறேன்.

மூன்றாம் நாள்

காலையில் 24 மாதிரியும் முடிந்திருந்தன. நான்காம் நிரல் மலைபோல் இருந்தது, மூன்றாவதில் சில்லறைதான். 2 என்று போட்டு எண்ணினேன். நூற்றுக்கு எண்பதுக்குப் பக்கம் ரீடுகள் மரபணுவில் சேர்ந்தன. எக்ஸிஸ்ட் 12 மாதிரியில், ஒய் மரபணுக்கள் மற்ற 12-இல். இருக்க வேண்டியது 12-க்கு 12; கிடைத்ததும் அதுவே. நிம்மதியானேன்.

இங்கேதான் தவறினேன். 12 இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, எந்தப் 12 என்று பார்க்கவில்லை.

அதே உற்சாகத்தில் எஃப்கேபிபி5 மரபணுவின் படத்தைப் போட்டேன். டெக்ஸாமெத்தசோன் போன்ற குளுக்கோகார்டிகாய்டுகள் பட்டதும் பலவகைச் செல்களில் ஏறும் மரபணு இது. மருந்து உள்ளே போய் வேலை செய்ததா என்று பார்க்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கொடையாளர் ஒவ்வொருவருக்கும் கரைப்பான் புள்ளியையும் மருந்துப் புள்ளியையும் கோட்டால் இணைத்தேன். நான்கு கோடுகள் அழகாக ஏறின. நான்கு தரையோடு தரையாகக் கிடந்தன. மற்ற நான்கு இரண்டு முனையும் உயரத்தில், மட்டமாக.

வாராந்திரக் கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டினேன். அறை சுறுசுறுப்பாகிவிட்டது. "நாலு பேர் மருந்துக்கு மசியல, அதானே?" என்றார் மூத்தவர் ஒருவர். குளுக்கோகார்டிகாய்டுக்குச் செல்கள் சரியாக இணங்காத நிலை உண்மையிலேயே உண்டு. உயரத்தில் மட்டமாக நின்ற நால்வருக்கும் விளக்கம் கிடைத்தது: உடலே சுரக்கும் குளுக்கோகார்டிகாய்டான கார்டிசால் ஏற்கெனவே அதிகமாக இருந்திருக்கலாம். பலகையில் மூன்று கட்டங்கள் போட்டு, அடுத்த சோதனைக்கான திட்டமே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

யாரும் அவசரக்காரர்கள் இல்லை. உயிரியல் தெரிந்தவர்களுக்குக் கதை தானாக வரும்; எந்தப் படத்தைக் காட்டினாலும் அதற்குப் பொருந்தும் ஒரு காரணத்தை அவர்களால் சொல்ல முடியும். அதனால்தான் தவறான படத்தைக் காட்டுவது எவ்வளவு ஆபத்து என்று அன்று உறைத்தது. நான்கு, நான்கு, நான்கு என்ற சமப்பங்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. உண்மையான மனிதர்கள் இப்படிக் கத்தரித்தாற்போல் பிரிந்து நிற்பது அபூர்வம்.

நான்காம் நாள்

வந்ததும் முதல் வேலையாக, முந்தின நாள் செய்யாமல் விட்டதைச் செய்தேன். ஒவ்வொரு மாதிரியின் பெயருக்குப் பக்கத்தில் பதிவேட்டில் உள்ள பாலையும், தரவு சொல்லும் பாலையும் வைத்தேன்.

3, 6, 9, 12 ஆகியவை பெண் என்று பதிவு. தரவு ஆண் என்கிறது. 13, 16, 19, 22 ஆண் என்று பதிவு. தரவு பெண் என்கிறது. மொத்தம் எட்டு. இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு என்று இருந்ததால்தான் கூட்டினால் 12-க்கு 12 வந்திருக்கிறது.

உடனே வந்த யோசனை யாருக்கும் வரக்கூடியதுதான்: நான்கு ஜோடிகள் இடம் மாறியிருக்கின்றன, 3-ஐயும் 13-ஐயும், 6-ஐயும் 16-ஐயும், 9-ஐயும் 19-ஐயும், 12-ஐயும் 22-ஐயும் மாற்றிப் போட்டால் தீர்ந்தது. எல்லாமே பத்து வித்தியாசம். எழுதும்போது ஒரு இலக்கம் தவறியிருக்கும் என்று காரணமும் கிடைத்துவிட்டது. நகலில் மாற்றிப் பார்த்தேன். 24-உம் பாலில் பொருந்தின. ஒரு குறை இல்லை. அரை மணி நேரம் வேலை முடிந்தது என்றே நம்பினேன்.

பிறகு எஃப்கேபிபி5 படத்தை மறுபடி போட்டேன். அசையவே இல்லை. அதே நான்கு, நான்கு, நான்கு.

பால் என்பது இரண்டே விடை உள்ள கேள்வி. தவறான மாதிரியும் பாதி வாய்ப்பில் தப்பிவிடும். எட்டு மாதிரி பிடிபட்டது என்றால் எட்டு மட்டும்தான் தவறு என்று பொருளில்லை. பிடிபடாமல் எத்தனை என்று இந்தச் சோதனைக்குச் சொல்லத் தெரியாது. மாற்றிப்போட்ட நகலை அழித்தேன். அதை அனுப்பியிருந்தால் பால் சோதனையில் தேறிய தரவு என்ற முத்திரையோடு பழுது உள்ளேயே தங்கியிருக்கும்.

ஐந்தாம் நாள்

பாலைவிடக் கூர்மையான அடையாளம் ஒன்று தரவுக்குள்ளேயே இருக்கிறது. ஒருவருக்கு மற்றவர் மாறுபடும் டிஎன்ஏவின் ஒற்றை எழுத்து வேறுபாடுகள் ஆர்என்ஏ ரீடுகளிலும் தெரியும். ஒரே ஆளின் இரண்டு மாதிரிகள் அவற்றில் ஒத்துப்போக வேண்டும். பொதுவான வேறுபாட்டு இடங்களின் பட்டியலை எடுத்து, பிசிஎஃப்டூல்ஸ் என்ற மென்பொருள் கொண்டு ஒவ்வொரு மாதிரியையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட முடிவு செய்தேன். 24 மாதிரிக்கு 276 ஜோடிகள்.

முதலில் பிசிஎஃப்டூல்ஸ் வெறும் கையை விரித்தது. பிழைச் செய்தி கிடையாது, ஓடி முடிந்தது, விடை காலி. பட்டியலில் குரோமோசோமின் பெயர் வெறும் '1'. என் பிஏஎம் கோப்பில் 'சிஎச்ஆர்1'. இரண்டு பெயரிடல் மரபும் பல்லாண்டுகளாகப் பக்கம்பக்கமாக வாழ்கின்றன, நாங்களும் ஒவ்வொரு திட்டத்திலும் இதில் கால் இடறுகிறோம். இதில் மதியம் போனது. பெயரை ஒன்றாக்கி ஓட்டினேன்.

276 ஜோடிகளில் 12 மட்டும் தனியாக ஒட்டி நின்றன. 12 கொடையாளர்கள், 12 ஜோடி, அதில் குழப்பமில்லை. 1-உம் 2-உம், 3-உம் 4-உம் என்று அடுத்தடுத்த எண்கள் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருந்தவை: 1-4, 2-5, 3-6, 7-10, 8-11, 9-12, 13-16, 14-17, 15-18, 19-22, 20-23, 21-24.

ஒன்றுகூடச் சரியில்லை. ஆனால் எல்லாவற்றிலும் இடைவெளி மூன்று.

அந்தப் பட்டியலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகக் குழம்பினால் இடைவெளி கண்டபடி இருக்கும். எல்லாமே மூன்று தள்ளி நிற்கிறது என்றால் ஒரு விதி உள்ளே இருக்கிறது. 24-ஐ மூன்றால் வகுத்தால் எட்டு. எட்டும் மூன்றும். மாதிரிகளை வைக்கும் 96 குழித் தட்டில் மேலிருந்து கீழே எட்டுக் குழி, ஏ முதல் எச் வரை. 24 மாதிரி வைத்தால் மூன்று நிரல்!

காகிதத்தில் எட்டுக்கு மூன்று கட்டம் போட்டேன். ஒரு பென்சிலால் மேலிருந்து கீழே 1, 2, 3 என்று எண்ணிட்டேன்: ஏ1-இல் 1, பி1-இல் 2, எச்1-இல் 8, ஏ2-இல் 9. இன்னொரு நிறத்தில் குறுக்கே எண்ணிட்டேன்: ஏ1-இல் 1, ஏ2-இல் 2, ஏ3-இல் 3, பி1-இல் 4. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள். குறுக்கே எண்ணியது பெயர்ச்சீட்டு, மேலிருந்து கீழே எண்ணியது உள்ளே இருக்கும் மாதிரி என்று எடுத்துக்கொண்டு படித்தேன். பெயர்ச்சீட்டு 1-உம் 4-உம் உள்ளே 1-உம் 2-உம். சீட்டு 2-உம் 5-உம் உள்ளே 9-உம் 10-உம். சீட்டு 3-இல் உள்ளே இருப்பது 17, ஆண். 13-இல் இருப்பது 5, பெண். பால் மாறி நின்ற எட்டும், மூன்று தள்ளி நின்ற 12 ஜோடியும் ஒன்று விடாமல் அந்தக் காகிதத்தில் இருந்தன.

இரண்டு நிற எண்களும் ஒத்துப்போன கட்டங்கள் இரண்டே: ஏ1, எச்3. முதல் மாதிரியும் கடைசி மாதிரியும். மற்ற 22-உம் இடம் மாறியவை. அதில் 14 பால் சோதனையில் பிடிபடாமல் தப்பியிருந்தன.

நள்ளிரவு தாண்டியிருந்தது. யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஆறாம் நாள்

காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். மாதிரிகளைத் தயார்செய்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இந்தத் தட்டுக்கு மூன்று வாரம் உழைத்தவர் அவர்.

"அக்கா, போன தடவை தட்ட எப்படி நிரப்புனீங்க? குறுக்கயா, மேலருந்து கீழயா?"

"மேலருந்து கீழதான். எட்டு முனை பிப்பெட்ட கையில வச்சுக்கிட்டு வேற எப்படிப்பா நிரப்புவேன்?"

விடை அவ்வளவுதான். எட்டு முனை பிப்பெட் ஒரு நிரலின் எட்டுக் குழியையும் ஒரே அழுத்தில் நிரப்பும். அவர் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். தேதியோடு, கையெழுத்தோடு, தட்டின் படம் வரைந்து ஒவ்வொரு குழியிலும் எண் எழுதியிருந்தார். என் காகிதத்தின் பென்சில் எண்களும் அதுவும் ஒன்றே.

வரிசைப்படுத்த அனுப்பும்போது நிரப்பிய விரிதாளைத் தேடி எடுத்தோம். ஒரு நிரலில் குழியின் பெயர், இன்னொன்றில் மாதிரியின் பெயர். யாரோ குழிகளின் பெயரை மட்டும் அகரவரிசைப்படுத்தியிருக்கிறார்கள். கணினிக்கு ஏ1-க்கு அடுத்தது ஏ2, பி1 அல்ல. மாதிரிப் பெயர்கள் பக்கத்தில் பழையபடி 1, 2, 3 என்று நின்றுவிட்டன. அனுப்பும் முன் சரிபார்த்தும் இருக்கிறார்கள்: முதல் வரி சரி, கடைசி வரி சரி என்று ஓரத்தில் குறிப்பு. சரியாக இருந்த இரண்டே வரிகள் அவை.

அக்கா காகிதத்தையும் குறிப்பேட்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப என் செல்லெல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கு."

மூன்று மாதமாக மருந்து பழையதோ, செல்கள் நலிந்திருந்ததோ, தன் கையில்தான் பிசகோ என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கூட்டங்களில் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எண்ணிக்கை அட்டவணையில் ஒரு வரி தவறினால் அது ஒரு மனிதரின் மேல் போய் உட்காருகிறது. இதைப் பாடத்திட்டத்தில் யாரும் சொல்லித்தருவதில்லை.

ஏழும் எட்டும்

சரிசெய்வது கண்டுபிடிப்பதைவிட எளிது, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ரீடுகள் உள்ள மூல ஃபாஸ்ட்க்யூ கோப்புகளின் பெயரை மாற்றவில்லை. மாற்றினால் வரிசைப்படுத்தும் கூடத்தின் பதிவுக்கும் எங்கள் பதிவுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். பதிலாக ஒரு சிறு அட்டவணை: கோப்பின் பெயர், குழி, உண்மையான மாதிரி. குழிக்கு ஆதாரம் கோப்புக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு ரீடின் தலைப்பு வரியிலும் அதன் குறியீட்டுத் தொடர் எழுதியிருக்கும். எந்தக் குழிக்கு எந்தக் குறியீடு என்பது கிட்டோடு வந்த தாளில் இருக்கிறது. ஆக, குறியீட்டிலிருந்து குழிக்கும், குழியிலிருந்து அக்காவின் குறிப்பேட்டுக்கும் சங்கிலி விடுபடாமல் வந்தது.

எஃப்கேபிபி5 ஏறியிருப்பதை வைத்து எது மருந்து மாதிரி என்று முடிவு செய்யவில்லை. அப்படிச் செய்திருந்தால் பிறகு அதே மரபணு ஏறியது என்று காட்டுவதற்கு மதிப்பே இருக்காது. பெயர்களைக் குறிப்பேடும் குறியீடும் தீர்மானித்தன. எஃப்கேபிபி5 கடைசியில் சாட்சி சொல்ல மட்டும் வந்தது.

வந்து என்ன சொன்னது? 12 கோடுகளும் ஏறின. மருந்துக்கு இணங்காத நால்வர் என்று யாருமில்லை. இதே மருந்துக்கு ஏறும் வேறு மரபணுக்களான டிஎஸ்சி22டி3, பிஇஆர்1 இரண்டும் கூடவே ஏறின.

அதற்கு முன் ஒரு நிமிடம் மூச்சு நின்றது. எந்த மரபணுக்கள் மாறின என்று கணிக்கும் டெசெக்2-இல் கொடையாளரையும் சேர்த்துப் புள்ளியியல் மாடல் அமைத்து ஓட்டியதும், எஃப்கேபிபி5 கீழ்நோக்கிய குறியோடு வந்தது. பயந்து போய்ப் பார்த்தால் காரணம் சின்னது: ஆர் மொழி ஆங்கில அகரவரிசையில் முதலில் வருவதை ஒப்பீட்டு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். 'டெக்ஸ்' என்பது கரைப்பானுக்கு வைத்த 'வெஹிக்கிள்' என்ற பெயருக்கு முன்னால் வருவதால் மருந்தையே அடிப்படையாக்கி, கரைப்பானை அதோடு ஒப்பிட்டிருக்கிறது. அடிப்படை எது என்று ஒரு வரியில் சொன்னதும் குறி நேரானது. தெரிந்த மரபணு ஒன்றின் திசையைப் பார்க்காமல் முழுப் பட்டியலை யாருக்கும் அனுப்பக் கூடாது.

ஏன் முதலில் ஒன்றும் இல்லாமல் போகாமல் ஏதோ மங்கலாகத் தெரிந்தது என்பதும் கணக்கில் விளங்கியது. இடம் மாறிய பிறகும் 24-இல் 16 மாதிரிகள் தற்செயலாகச் சரியான பக்கத்தில்தான் இருந்தன. நடு நிரலின் எட்டு மட்டும் மருந்தும் கரைப்பானும் மாறியவை. மருந்து என்று பெயரிட்ட 12-இல் எட்டு மருந்து, நான்கு கரைப்பான். கரைப்பான் என்று பெயரிட்ட 12-இல் எட்டு கரைப்பான், நான்கு மருந்து. இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம் உண்மையானதில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். திசை சரி, அளவு மூன்றில் ஒன்றுதான். மேலும் ஜோடிகள் ஆள் மாறிப் போனதால் கொடையாளருக்குக் கொடையாளர் உள்ள வேறுபாட்டைக் கழிக்கவும் முடியவில்லை. மங்கலான உண்மை எவ்வளவு நம்பத்தகுந்த பொய்யாகத் தெரிகிறது என்று இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

முதல் தொகுப்பையும் சந்தேகித்துப் பார்த்தேன். அது தனித்தனிக் குழாயில் போனது. பாலும் ஜோடிகளும் சரியாகவே இருந்தன. இரண்டு தொகுப்பும் இப்போது ஒரே பக்கம் பேசுகின்றன.

ஒன்பதாம் நாள்

பட்டியலை எல்லாருக்கும் அனுப்பும் நாள். விரிதாளாகக் கேட்டார்கள். மரபணுப் பெயர்களை விரிதாளில் திறந்தால் சில தேதியாக மாறிவிடும் என்பது இந்தத் துறையின் பழைய நோய். 2016-இல் வந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் காட்டியது. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே 2020-இல் இறங்கிவந்து, செப்டம்பராக மாறிக்கொண்டிருந்தவற்றுக்கு செப்டின் என்றும், மார்ச் ஆனவற்றுக்கு மார்ச்எஃப் என்றும் பெயரை மாற்றியது. எங்கள் அட்டவணை பழைய பெயர்ப்பட்டியலிலிருந்து வந்தது. ஆகவே பெயருக்குப் பக்கத்தில் என்செம்பிள் தரவுத்தளத்தின் அடையாள எண்ணையும் சேர்த்து, பெயர் நிரலை எழுத்து என்று குறித்து அனுப்பினேன்.

பிறகு எல்லாப் படிகளையும் வரிசையாக ஓட்டித் தரும் ஸ்னேக்மேக் ஓட்டத்தில் மூன்று நிறுத்தங்களைச் சேர்த்தேன். இரண்டு இழைகளின் கூட்டுத்தொகையும் கொடுத்த அமைப்பும் முரண்பட்டால் ஓட்டம் நிற்கும். பாலைப் பெயர்வாரியாக ஒப்பிட்டு, ஒன்று மாறினாலும் நிற்கும். ஒரே ஆள் என்று பதிந்த ஜோடி ஒட்டவில்லை என்றால் நிற்கும். எச்சரிக்கை மட்டும் போதாதா என்று கேட்டார்கள். போதாது, மூன்று மாதம் யாரும் திறக்காத சுருக்கக் கோப்பும் ஓர் எச்சரிக்கைதான். மூன்றையும் பழைய குழம்பிய தரவில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றும் நின்றன. கூட்டத்துக்குப் போய், முந்தைய வாரம் நான் காட்டிய படம் தவறு, நான்கு பேர் கதை தரவில் இல்லை என்று சொல்லிப் புதிய படத்தைக் காட்டினேன். பலகையிலிருந்த மூன்று கட்டங்களையும் மூத்தவரே எழுந்து அழித்தார். அன்று அக்கா நிறையப் பேசினார்.

அடுத்த தட்டுக்கான தாளை இருவரும் சேர்ந்து வரைந்தோம். குழியும் மாதிரியும் ஒரே கட்டத்தில் சேர்த்து எழுதப்படும். தனித்தனி நிரல் கிடையாது. யோசனை அவருடையது, அதோடு இன்னொன்றும் சொன்னார்: தட்டின் நடுவில் ஒரு குழியைக் காலியாக விடலாம், ஆனால் அதற்கும் குறியீடு போட்டு அனுப்பலாம். எந்தப் பெயரின் கீழ் ரீடு இல்லாமல் வருகிறதோ, அதை வைத்தே தட்டு சரியாகப் படிக்கப்பட்டதா என்று சொல்லிவிடலாம். அது தட்டின் மூலையில் இருக்கக் கூடாது, மூலைதான் நம்மை ஏமாற்றியது என்றேன். சி2 என்று முடிவு செய்து, அந்தக் கட்டத்தில் சிவப்பு மையால் 'காலி' என்று எழுதினார்.